யாளியின் இரண்டாவது இரைப்பை

ஜன்னல் சீட்டு உங்களுக்கே இருக்கட்டும் சார். எனக்கு இந்தக் காகிதக் கட்ட மடியில பிரிச்சு வைக்க எடம் இருந்தாப் போதும். கால மட்டும் பாத்து வைங்க. அந்தப் பைக்குள்ள ஒரு யாளி இருக்கு.

ஏன் சிரிக்கிறீங்க? நான் வேடிக்கைக்குச் சொல்லல. இந்தக் கட்டுல பாதி இன்னும் பைக்குள்ளதான் கெடக்கு, அதுல யாளி வருது, அதச் சொன்னேன்.

நீங்க சிவகாசி வரைக்குமா? நானும் அங்கதான். ரெண்டு மணிக்குள்ள அச்சாபீஸ்ல இதக் குடுத்தாகணும். குடுக்கிறதுக்கு முன்ன முப்பத்திரெண்டு எடத்துல கோடு கிழிக்கணும். அதுக்குன்னே மாட்டுத்தாவணியில இந்தச் செவப்புப் பேனா வாங்கினேன். வண்டி இந்தக் குலுக்கு குலுக்குதே, கிழிச்சா கோணலாப் போகும். விருதுநகர்ல பத்து நிமிஷம் நிப்பாட்டுவான், அப்ப கிழிச்சுக்கிறேன்.

நான் மாட்டு டாக்டர் சார். தெய்வசிகாமணின்னு பேரு. திண்டுக்கல் பக்கம் ஒரு மருந்தகத்துல இருக்கேன், இருபத்தாறு வருஷ சர்வீஸ். கெஜட்டட் ஆபீசர். பச்சை மையில கையெழுத்துப் போடுற ஆளு. இந்தப் பச்சை மைய ஞாபகம் வெச்சுக்கங்க, அதுலதான் வந்துச்சு வெனை.

மூணு வருஷம் முன்ன முபாரக் பாய் ஒரு பூனையத் தூக்கிட்டு வந்தாரு. பாலிடெக்னிக்ல இயற்பியல் வாத்தியார். பூனைக்குக் காதுல புண்ணு. மருந்து போட்டுக்கிட்டே, பூனைக்கு என்ன பேருன்னு கேட்டேன். ஏதோ ஒரு மந்திரவாதி பேரச் சொன்னாரு. ஏன் அந்தப் பேருன்னு கேட்டது தப்பு. ஒரு மணி நேரம் அந்த விளையாட்டப் பத்தியே சொன்னாரு.

நாலஞ்சு பேரு மேசையச் சுத்தி உக்காரணும். ஒருத்தர் கதையச் சொல்லுவாரு. மத்தவங்க ஆளுக்கொரு வேஷம், ஒருத்தர் வீரன், ஒருத்தர் திருடன், ஒருத்தர் மந்திரவாதி. 'குகை வாசல்ல நிக்கிறீங்க, உள்ள உறுமல் கேக்குது, என்ன பண்றீங்க?'ன்னு கதை சொல்றவரு கேப்பாரு. இவங்க இஷ்டத்துக்குச் சொல்லலாம். அது பலிக்குதா இல்லையான்னு இருபது பக்கம் உள்ள பகடைய உருட்டிப் பாக்கணும். நம்ம தாயக்கட்டைக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும் அது. கதை சொல்றவருக்கு ஒரு புஸ்தகம் வேணும்ல, குகை எங்க, யாளி எங்க, யாரு என்ன பேசுவாங்கன்னு? அந்தப் புஸ்தகத்த நாமளே தமிழ்ல எழுதுவோம், சிரிப்பா எழுதுவோம்னாரு முபாரக். நான் உடனே சரின்னுட்டேன்.

ஏன்னா எனக்கு நகைச்சுவை கைவந்த கலை சார். காலேஜ் படிக்கிறப்ப பத்திரிகைகளுக்கு நூத்திப் பத்து துணுக்கு அனுப்பிருக்கேன். ஒண்ணுகூட வரல. எடப் பற்றாக்குறை. அந்தக் காலத்துல பத்திரிகையில பக்கம் ரொம்பக் கம்மி.

மூணாவது ஆளு ஜெசிந்தா மேடம். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல டைப்பிங் சென்டர் வெச்சிருக்காங்க. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, எல்லாம் அடிப்பாங்க. கை வேகம், வாய் அதவிட வேகம்.

மூணு பேருக்கும் ஒரே நோட்டு. நீளமான கோடு போட்ட நோட்டு. ஒருத்தர்கிட்ட ரெண்டு நாள் இருக்கும், அப்புறம் அடுத்தவருக்குப் போகும். முபாரக் கருப்பு மை, மேடம் நீலம், நான் பச்சை. வலது பக்கம் கதை. இடது பக்கம், மத்தவங்க எழுதினதப் பத்தி அபிப்பிராயம். அப்புறம் ஒரு சட்டம். அவங்கவங்க எழுதினத அவங்கவங்கதான் அடிக்கலாம். அடுத்தவன் எழுத்துல கை வைக்கக் கூடாது. அந்தச் சட்டத்தப் போட்டது நான்தான். இவங்க ரெண்டு பேரும் என் நகைச்சுவைய அடிச்சிருவாங்களோன்னு ஒரு பயம்.

கதை இதுதான். ஒரு ராஜா. அவரு அரண்மனை சமையக்கட்டுச் சாவிய ஒரு யாளி முழுங்கிருச்சு. மூணு நாளா அரண்மனையில அடுப்பு எரியல. நாலு வீரங்க போயி யாளிய வெட்டி, சாவிய எடுத்துட்டு வரணும். யாளி சண்டைய நான் பதினாலு பக்கம் எழுதினேன். மந்திரி பேச்சும் நான்தான். கேளுங்க ஒண்ண. ராஜா கேக்குறாரு, 'மந்திரி, நேற்று நாட்டில் மழை பெய்ததா?' மந்திரி சொல்றாரு, 'தெரியவில்லை மன்னா, நான் குடை பிடித்திருந்தேன்.'

குடை பிடிச்சதால நனையல. நனையாததால மழை பெஞ்சது தெரியல.

வண்டிச் சத்தத்துல உங்களுக்குச் சரியாக் கேக்கல போல. நோட்டுல அதுக்குக் கீழயே 'இங்கே ஆட்டக்காரர்கள் சிரிப்பார்கள்'னு எழுதி வெச்சேன். கதை சொல்றவருக்குத் தெரியணும்ல, எங்க நிப்பாட்டணும்னு.

இப்ப முபாரக் பாய் எழுத்துக்கு வாங்க. 'யாளி சிங்க உடலும் யானைத் துதிக்கையும் கொண்டு, படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.' எப்படி சார்? சிங்கம் அசைபோடுமா? யானை அசைபோடுமா? படிச்ச மனுஷன் எழுதுற எழுத்தா? உடனே எழுதினேன். 'அசைபோடுதுன்னா நாலு இரைப்பை உண்டு. சாவி ரெண்டாவது இரைப்பையிலதான் தங்கும். அதுக்கு முன்னால இதயம். சாவி குத்தினா மிருகம் செத்துரும். காந்தம் குடுத்தீங்களா?'

நெசமாவே குடுப்போம் சார். மாடு ஆணி, கம்பின்னு கண்டதையும் முழுங்கும். விரல் கனத்துக்கு ஒரு காந்தத்த முழுங்க வெச்சா, இரும்ப அது பிடிச்சு வெச்சுக்கும். அசைய விடாது.

நாலு பக்கம் தள்ளி, 'வீரர்களைக் கண்டதும் யாளி முதுகை வளைத்து, முழங்கையை விரித்து, பாயத் தயாராக நின்றது'ன்னு எழுதிருக்காரு. எனக்கு ரத்தம் கொதிச்சிருச்சு. அன்னைக்குக் காலையிலதான் அதே மாதிரி ஒரு பசுவ ஒருத்தன் முட்ட வருதுன்னு அடிச்சு இழுத்துட்டு வந்திருந்தான். எழுதினேன். 'முட்டாப் பசங்களா, அது பாயுறதுக்கு நிக்கல. வலியில நிக்குது. ரெண்டு நாளா தீனி எடுத்திருக்காது. அதத் தொட்டுப் பாத்தவன் ஒருத்தனாவது உண்டா? ஒரு சமையக்கட்டுப் பூட்டுக்காக ஒரு ஜீவன வெட்டணுமா? ஊர்ல கொல்லனே இல்லையா, பூட்ட உடைக்க?'

இப்படியே எழுதிட்டுப் போனேன். எனக்குச் சொல்ல வேண்டியது நெறைய இருந்துச்சு, இடது பக்கம் பத்தல. அதனால மிச்சத்த வலது பக்கத்துல, கதைக்கு நடுவுல கெடைச்ச எடத்துல எழுதினேன். அது ஒரு குத்தமா?

ஜெசிந்தா மேடம் மொத்தத்தையும் டைப் அடிச்சிட்டாங்க. வலது பக்கம் இருந்த பச்சை எல்லாம் கதைன்னு நெனச்சிட்டாங்களாம். 'நீங்க ஏதோ புதுப் பாத்திரம் கொண்டு வர்றீங்கன்னு நெனச்சேன் டாக்டர்'ங்கிறாங்க. அதுக்கு ஒரு பேரு வேற வெச்சிட்டாங்க, 'குகைக்குரல்'னு. எவ்வளவு கவனக்கொறைவு பாருங்க.

திருமங்கலம் தாண்டிருச்சா? சரி, இருக்கு நேரம்.

அச்சுக்குப் போறதுக்கு முன்ன ஒரு தடவ வெளையாடிப் பாக்கணும்னு முபாரக் வீட்டுல ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம் ஏற்பாடு. வெளையாடுறதுக்கு அவரோட மாணவங்க மூணு பேரு. நாலாவதா என் மக வெண்பா. பதினாறு வயசு, பிளஸ் ஒன். முபாரக் வீட்டம்மா கேட்டாங்கன்னு அனுப்பி வெச்சேன். வீட்டுல அவ பேச மாட்டா. 'ஃபீஸ் கட்டணும்பா', 'ரெக்கார்டு நோட்டு வேணும்பா', அவ்வளவுதான். நான் வீட்டுக்குள்ள நொழஞ்சா அம்மாவும் மகளும் டிவி சத்தத்தக் கொறைச்சிருவாங்க. மரியாதை தெரிஞ்ச குடும்பம்.

அன்னைக்கு ஒரு எருமைக்குக் கன்னு போடுறதுல சிக்கல். நான் போயிச் சேர மணி நாலு. முபாரக் வீட்டு வாசல்ல செருப்பக் கழட்டுறேன், உள்ள சிரிப்பு வெடிக்குது. அப்படி ஒரு சிரிப்பு சார். ஒருத்தன் மேசையத் தட்டுறான். ஒரு பொண்ணுக்குச் சிரிச்சுச் சிரிச்சு விக்கல் வருது. அந்தக் குரல் யாருதுன்னு எனக்கு ஒரு நிமிஷம் புரியல. அப்புறம்தான் தெரிஞ்சுச்சு, அது என் மக. அவ சிரிச்சா எப்படி இருக்கும்னு எனக்கு மறந்தே போயிருந்துச்சு.

எனக்குப் புல்லரிச்சிருச்சு. குடை ஜோக்கு வந்திருக்கும்னு நெனச்சேன். நூத்திப் பத்து துணுக்குக்கும் சேத்து இன்னைக்குக் கெடைச்சிருச்சுடான்னு, உள்ள போகாம வாசல்லயே நின்னேன். அஞ்சு நிமிஷம் நின்னிருப்பேன். என் வாழ்க்கையில அந்த அஞ்சு நிமிஷம் மாதிரி ஒண்ணு இல்ல சார். சொல்ல வெக்கமா இருக்கு, கண்ணு கலங்கிருச்சு.

அப்புறம் முபாரக் குரல் கேட்டுச்சு. தொண்டையச் செருமி, வெரட்டுற மாதிரி, 'காந்தம் குடுத்தீங்களாஆ?'ன்னாரு. வீடே அதிருது.

என்னோட வசவு சார். நான் நெசமாவே கோவப்பட்டு எழுதினது. அதுக்குத்தான் சிரிப்பு.

என்ன நடந்துச்சுன்னா, வீரங்க கத்திய உருவினதும் குகைக்குள்ள இருந்து ஒரு குரல் அவங்களத் திட்டுது. இந்தப் பசங்களுக்கு யாளிய விட அந்தக் குரல் மேல பயம் வந்துருச்சு. கத்திய உறையில போட்டுட்டாங்க. என் பதினாலு பக்கச் சண்டை அப்படியே அம்போன்னு போச்சு! ஒருத்தன் பகடைய உருட்டி யாளி வயித்தத் தொட்டுப் பாக்குறான். இன்னொருத்தன் ஊரெல்லாம் காந்தம் தேடுறான். வெண்பா ராஜாகிட்டப் போயி, 'மகாராஜா, பூட்ட உடைச்சுக்கங்க, எங்க யாளிக்கு ஒடம்பு சரியில்ல'ங்கிறா. மூணு நாளா பட்டினி கெடந்த ராஜாவுக்கு அது தோணவே இல்லையாம். அதுக்கு ஒரு சிரிப்பு. மந்திரி பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. குடை ஜோக்கு அப்படியே கெடந்துச்சு.

திரும்பி வர்றப்ப ஸ்கூட்டர்ல பின்னால உக்காந்து வீடு வரைக்கும் பேசிக்கிட்டே வந்தா. 'அப்பா, அந்தக் குரல நீங்களா எழுதினீங்க? திட்டிக்கிட்டே இருக்கு, ஆனா அங்க யாளிக்காகப் பேசுறது அது ஒண்ணுதான்ப்பா'ன்னா. நான், ஹெல்மெட்ட ஒழுங்கா மாட்டுன்னேன். வேற என்ன சொல்றது? மாட்டாமத்தான் இருந்தா.

இதோட விட்டிருந்தாக்கூடப் பரவால்ல. முபாரக்கும் மேடமும் என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க. 'டாக்டர், குகைக்குரல்தான் நம்ம புஸ்தகமே. இன்னும் பத்துப் பதினஞ்சு எடத்துல எழுதிக் குடுங்க'ன்னாங்க. நானும் லீவு போட்டு உக்காந்து எழுதினேன். குரல் கேக்குது, 'வீரனே, உன் கத்தி ஏன் கூர்மையாக இருக்கிறது? உன் அறிவும் அவ்வாறே இருக்கக் கூடாதா?' எவ்வளவு ஆழமா இருக்கு பாருங்க. படிச்சிட்டு முபாரக் பாய் மூக்குக் கண்ணாடியத் தொடைக்கிறாரு. மேடம், 'டீ சாப்பிடுறீங்களா டாக்டர்'ங்கிறாங்க.

அடுத்த வாரம் நோட்டு வருது. முபாரக் எழுதிருக்காரு, 'யாளி ஒரே மாதத்தில் பன்னிரண்டு முட்டையிட்டு, அதில் ஆறு குட்டி போட்டது.' எனக்கு வந்துச்சே கோவம்! மூணு பக்கம் எழுதினேன். அதுக்கடுத்த வாரம் மேடம் எழுதிருக்காங்க, 'யாளிக்கு ஜுரம். மந்திரவாதி வாலைப் பிடித்து நாடி பார்த்தான்.' வால்ல நாடி பாக்கலாம் சார், அது சரிதான். ஆனா எந்த எடத்துல பிடிக்கணும்னு ஒரு மொறை இல்லையா? நாலு பக்கம். வாரா வாரம் ஒரு அபத்தம், வாரா வாரம் நான் எழுதுறேன். என்னடா இவங்க நாளுக்கு நாள் முட்டாளாப் போறாங்களேன்னு எனக்குக் கவலையே வந்துருச்சு.

பத்து நாள் முன்ன நோட்டுக்குள்ள ஒரு துண்டுச் சீட்டு கெடந்துச்சு. மேடம் கையெழுத்து, முபாரக்குக்கு எழுதினது. 'குதிரைக்குக் கொம்பு வெச்சிருக்கேன் பாய். டாக்டர் இந்தத் தடவ அஞ்சு பக்கம் குடுப்பாரு.'

நீங்களே சொல்லுங்க. என்னைத் தூண்டி விட்டு எழுத வெச்சிருக்காங்க. பால் சொரக்கிறதுக்குக் கன்னுக்குட்டிய முட்ட விடுவோமே, அந்த மாதிரி. மூணு வருஷம் ஒண்ணா டீ குடிச்சவங்க. என் நகைச்சுவை வேணாம். என் கோவம் வேணும், அதுக்குச் சிரிக்கணும்.

நேராப் போயிச் சொல்லிட்டேன். 'சட்டம் சட்டம்தான். என் எழுத்த நான் அடிக்கப் போறேன். குகைக்குரல் மொத்தமும் போகுது'ன்னேன். முபாரக் பாய், 'டாக்டர், குரல் போனா யாளி செத்துரும்'னாரு. உண்மைதான். திட்டுறதுக்கு ஆளில்லேன்னா நாலு பேரும் உள்ள போயி வெட்டிட்டு வந்துருவாங்க. என் பதினாலு பக்கம் அப்படியே நடக்கும். ஜெசிந்தா மேடம் கண்ணு கலங்கிட்டாங்க. 'சீட்டு எழுதினது என் தப்பு டாக்டர். ஆனா நாங்க கேலி பண்ணல. நீங்க வேணும்னுதான் பண்ணோம்'னாங்க. வேணும்னா நேரா கேக்க வேண்டியதுதானே? நேராக் கேட்டாங்க, எழுதினேன், அது சரியா வரல, அது வேற விஷயம்.

வீட்டுலயும் சொன்னேன். வெண்பா அப்பத்தான் யாளி படம் வரைஞ்சுக்கிட்டு இருந்தா. பக்கத்துல ஒரு ஆளு, காந்தம் ஒரு கையில, யாளி வால் ஒரு கையில. ஒரு மாசமா சாப்புடுறப்ப என்கிட்டப் பேசிக்கிட்டு இருந்த பொண்ணு சார். இன்னைக்கு எந்த மாட்டப் பாத்தீங்க, அதுக்கு என்ன, பொழச்சுருமான்னு கேப்பா. நான் அடிக்கப் போறேன்னதும், 'சரிங்கப்பா'ன்னா. படத்த எடுத்துக்கிட்டு ரூமுக்குள்ள போயிட்டா. எட்டு நாள் ஆச்சு. மறுபடியும் 'ரெக்கார்டு நோட்டு வேணும்பா'தான். அந்த எட்டு நாளும் எனக்குச் சோறு எறங்கல. ஆனா சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்ல?

என்னது, விருதுநகர் போயிருச்சா? நின்னுச்சா? நீங்க எறங்கி டீ குடிச்சிட்டு ஏறினது விருதுநகர்லயா? நான் பேசிக்கிட்டே இருந்தேனா? அடடா. சரி, குலுங்கினாலும் பரவால்ல, கிழிச்சிர வேண்டியதுதான். இந்தப் பக்கத்தக் கொஞ்சம் பிடிங்க சார். எது, ஒன்பதாம் பக்கம். 'அது பாயுறதுக்கு நிக்கல, வலியில நிக்குது.' இதத்தான் மொதல்ல.

ஒரு நிமிஷம். கடைசிப் பக்கத்துலருந்து வந்தா எண்ணிக்கை தப்பாது. கடைசித் தாள எடுங்க.

இது என்ன, அடியில பென்சில்ல?

நேத்து இந்தக் கட்டு சாப்பாட்டு மேசையிலதான் கெடந்துச்சு. இது வெண்பா கையெழுத்து. 'அப்பா, காந்தம் குடுத்ததுக்கப்புறம் யாளி தீனி எடுத்துச்சா?'

பாருங்க, ரப்பரால அழிச்சு அழிச்சு எழுதிருக்கா. மொதல்ல வேற என்னமோ எழுதி அழிச்சிருக்கா. வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தாத் தெரியுது. 'அப்பா அடிக்காதீங்க'ன்னு.

இதுவும் என்னைத் தூண்டி விடுறதுதான்னு வெச்சுக்கங்களேன். முபாரக் சொல்லிக் குடுத்திருப்பாரு. இல்ல, அவருக்கு என்ன தெரியும், என் வீட்டு மேசை.

என்ன கேள்வி இது? காந்தம் குடுத்த உடனே தீனி எடுக்குமா? ஒரு நாள்ல சரியாப் போறதுக்கு அது என்ன தலைவலியா? கதைய அப்படியே விட்டுட்டாங்க பாருங்க! பூட்ட உடைச்சாங்க, விருந்து சாப்புட்டாங்க, முடிஞ்சுபோச்சு. அந்த மிருகத்த அதுக்கப்புறம் பாத்தது யாரு? மூணு நாளைக்குக் கஞ்சித் தண்ணிதான் குடுக்கணும். வைக்கோல் கூடவே கூடாது. முன்னங்கால் மேட்டுல இருக்கிற மாதிரி கட்டிப் போடணும், பாரம் பின்னால போயிரும், இதயத்துக்குப் பக்கத்துல அழுத்தாது. சாவி வெளிய வராது, காந்தமும் வராது. ஆயுசுக்கும் உள்ளயே இருக்கும், ஒண்ணும் பண்ணாது. இத யாரு சொல்லுவா அந்தப் பசங்களுக்கு?

சார், அந்தக் கட்ட இறுக்கிப் பிடிங்க, ஆடக் கூடாது. இல்ல, செவப்பு வேணாம், சட்டைப் பையில இருக்கு, பச்சை எப்பவும் பையிலதான் இருக்கும். மார்ஜின்ல எடம் பத்துமா? பத்தாது. பின்பக்கம் எழுதிக்கலாம். 'மூணு நாள் கஞ்சி. நான் வந்து பாக்குற வரைக்கும் எவனும் வைக்கோல் காட்டக் கூடாது…' சிரிக்காதீங்க சார், கை ஆடுதுல்ல.

திருத்தங்கல் வந்துருச்சா? இன்னும் கால் மணி நேரம்தான். இந்தாங்க, இந்தச் செவப்புப் பேனாவ நீங்களே வெச்சுக்கங்க. புதுசுதான் சார், ஒரு கோடுகூடக் கிழிக்கல.